லண்டன் சம்பை வைத்திருப்பதா, பழைய சம்பையே பூட்டுவதா?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களிடம் 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறது. அப்பாவின் கார். என்ஜின் 1098 சிசி. கலியாண ஓட்டத்துக்குக் கொடுப்போம். மற்ற நாட்களில் ஒட்டுசுட்டானில் இருந்து முல்லைத்தீவுக்கும், நெடுங்கேணிப் பக்கம் உள்ள வயலுக்கும் நான்தான் ஓடுகிறேன். போன வருடம் லண்டனில் இருந்து வந்த சித்தப்பா, துடுப்பு வைத்த அலுமினிய ஒயில் சம்ப் (என்ஜினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கிற தொட்டி) ஒன்றைக் கொண்டுவந்து பூட்டுவித்தார். ஒயில் சூடாகாது, என்ஜின் நீண்ட காலம் உழைக்கும் என்றார். பழைய இரும்புச் சம்ப் அடியில் நெளிந்தபடி கொட்டிலில் கிடக்கிறது. இப்போது வயல் பாதையில் கார் அடி உரஞ்சுகிறது. நிறுத்திய இடத்தில் ஒயில் சொட்டுகிறது. சடுதியாக பிரேக் பிடித்தால் ஒயில் லைட் மின்னி மறைகிறது. ஒரு மெக்கானிக் ‘நல்ல சாமான், கழற்றாதே’ என்கிறார், இன்னொருவர் ‘கழற்றி எறி’ என்கிறார். தைப்பொங்கலுக்குச் சித்தப்பா மறுபடி வருகிறார். என்ன செய்யலாம்? — ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தம்பி, வைத்திருப்பதா மாற்றுவதா என்பதை யோசிக்க நேரம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மின்னுகிற அந்த லைட்டுக்கு நேரம் இல்லை. அதன் காரணம் தெரியும் வரைக்கும் காரை ஓடாதீர்கள். கலியாண ஓட்டம் ஒத்துக்கொண்டிருந்தால் வேறு கார் பிடித்துக் கொடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், மைனர் 1000இல் கம்பனி வைத்தது அழுத்தமானி அல்ல, ஒரு எச்சரிக்கை லைட்தான். ஒயில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்கு விழுந்த பிறகுதான் அது எரியும். ஓடுகிற என்ஜினில் அது ஒரு கணம் மின்னினால், அந்தக் கணத்தில் ஒயில் பம்ப் ஒயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் தண்டுகளைக் கிராங்கோடு (என்ஜினின் சுழல் தண்டோடு) சேர்க்கிற பிக் எண்ட் பெயாரிங்குகள் அந்த நேரத்தில் உலர்ந்து உரஞ்சுகின்றன. ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. தினமும் வயல் பாதையில் நாலைந்து தடவை நடந்தால் ஒரு நாள் என்ஜின் அடியில் இருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கும். பிறகு கிராங் அரைத்து, பெயாரிங் தேடி, என்ஜினை முழுக்க இறக்கி ஏற்றுகிற செலவு. அதோடு ஒப்பிட்டால் இந்தச் சம்ப் விஷயம் சின்ன வேலை.

பம்ப் காற்றை உறிஞ்சுவதற்கு உங்கள் காரில் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம்.

முதலாவது, சம்பின் வடிவத்துக்கும், உள்ளே பம்ப் ஒயிலை இழுக்கிற உறிஞ்சு குழாய்க்கும் பொருத்தம் இல்லாமல் இருப்பது. உங்கள் காரில் இருக்கிற ஏ-சீரீஸ் வகை என்ஜின் 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரோடு வந்தது. 1952இல் மைனருக்குள் ஏறியது. பிறகு ஸ்பிரைட், மிட்ஜெட் என்று சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பூட்டினார்கள். ‘ஏ-சீரீஸுக்குப் பொருந்தும்’ என்று விற்கிற சாமான் எல்லாம் மைனரை நினைத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. போல்ட் துளைகள் சரியாக வந்து உட்காரும். உள்ளே ஆழம் வேறாக இருக்கும். ஆழமான சம்பில் பழைய குழாய் மேலேயே நின்றுவிட்டால், கீழே கிடக்கிற ஒயில் அதற்கு எட்டாது. பிரேக் பிடிக்கும்போது ஒயில் முழுக்க முன்னால் ஓடும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத சம்ப் என்றால் இன்னும் மோசம்.

இரண்டாவது, ஒயில் மட்டம் பார்க்கிற கம்பி, அதாவது டிப் ஸ்டிக். சம்ப் மாறினால், அந்தக் கம்பியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் பிடிக்கிற ஒயிலின் அளவும் மாறும். மைனரின் பழைய சம்புக்கு மூன்றரை லீற்றருக்கு மேல், நாலுக்குள் போகும். புதிய சம்பைப் பூட்டியவர் பழைய கணக்கிலேயே ஊற்றி விட்டிருந்தால் மட்டம் குறைவாக நிற்கலாம். கார் சமதரையில் நிற்கும்போது, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து கம்பியைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு ஒயில் நிற்க வேண்டும். லீற்றர் கணக்கை மறந்துவிட்டுக் கோட்டை மட்டும் நம்புங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. கிராங் அந்த ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையிலும் அழுத்தம் வராது.

மூன்றாவதைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன். உங்கள் கடிதத்தில் ‘பூட்டுவித்தார்’ என்று மட்டும் இருக்கிறது, எப்படிப் பூட்டினார்கள் என்று இல்லை. எங்கள் பக்கத்தில் கசிவு என்றாலே சிவப்புச் சிலிக்கனைப் பிதுக்கி அப்புவது வழக்கமாகிவிட்டது. வெளியே பிதுங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். சூடான ஒயிலில் ஊறி, புழு மாதிரித் துண்டு துண்டாகக் கழன்று, நேரே உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வலை பாதி அடைபட்டால் பம்புக்கு மூச்சு முட்டும். சம்பின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

மூன்றில் எது என்று சம்பை இறக்காமல் சொல்ல முடியாது. ஆகவே வைத்திருப்பதானாலும் மாற்றுவதானாலும் ஒரு தடவை இறக்கத்தான் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

இறக்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை. கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற பிளாஸ்டிசின் களி ஒரு துண்டு வாங்குங்கள். விரல் தடிப்பில் உருட்டி உறிஞ்சு வலையின் அடியில் ஒட்டுங்கள். கஸ்கட்டை (இடையில் வைக்கிற கசிவுத் தடுப்பை) வைத்து, அலுமினியச் சம்பை நாலு மூலை போல்ட்டில் மட்டும் பிடித்து ஏற்றுங்கள், திரும்ப இறக்குங்கள். களி எந்த அளவுக்கு நசிந்திருக்கிறதோ அதுதான் வலைக்கும் சம்பின் தரைக்கும் உள்ள இடைவெளி. 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை இருந்தால் நல்லது. களி நசியவே இல்லை என்றால் குழாய் உயரத்தில் தொங்குகிறது. காகிதம் மாதிரித் தட்டையாகிவிட்டால் வலை தரையில் முட்டுகிறது, ஒயில் நுழைய வழியில்லை. இதே சோதனையைப் பழைய இரும்புச் சம்புக்கும் செய்யுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சித்தப்பா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அலுமினியத்தில் சூடு இரும்புத் தகட்டை விட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் பாயும். துடுப்புகள் காற்றுப் படுகிற பரப்பைக் கூட்டும். ஒயிலும் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனால் சூடு தாமதிக்கிற இடம் உலோகத்தின் உள்ளே இல்லை. ஒயிலில் இருந்து உலோகத்துக்கு ஏறுகிற இடத்திலும், உலோகத்தில் இருந்து காற்றுக்கு இறங்குகிற இடத்திலும்தான் அது தாமதிக்கிறது. இடையில் இருக்கிற சில மில்லிமீற்றர் இரும்பா அலுமினியமா என்பதால் பெரிய வித்தியாசம் வராது. துடுப்புக்குப் பலன் கிடைக்க வேண்டுமானால் அடியில் காற்று வேகமாகப் பாய வேண்டும். மணிக்கு நூறு கிலோமீற்றரில் மணிக்கணக்காக ஓடுகிற காருக்கு அது நடக்கும். வயல் பாதையில் இரண்டாம் கியரில் ஊருகிற காருக்கு நடக்காது.

அதற்கும் மேலாக, உங்கள் என்ஜினில் குறைக்க வேண்டிய அளவுக்குச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். 1098 சிசி என்ஜின் கொடுப்பது 48 குதிரை வலு. நல்ல 20டபிள்யூ-50 மினரல் ஒயில் 100, 110 பாகைச் சூட்டில் எந்தக் கவலையும் இல்லாமல் வேலை செய்யும். ஒட்டுசுட்டானில் இருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதியில் ஓடி அந்த அளவுக்கு மேல் ஒயிலைச் சூடாக்குவது கஷ்டம். சொல்லப்போனால் ஒயில் ஓரளவு நன்றாகச் சூடாக வேண்டும். உள்ளே சேருகிற ஈரமும், எரியாமல் வடிகிற பெற்றோலும் அப்போதுதான் ஆவியாகிப் போகும். வன்னி வெயிலில் மைனர் சூடாகிறது என்று என்னிடம் வருகிற கார்களில் நான் பார்ப்பது அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், தீப்பொறி பிந்தி விழுகிற டைமிங். சம்பினால் சூடான மைனரை நான் பார்த்ததில்லை.

ஆக, அலுமினியச் சம்பின் பெரிய பலன் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. அதற்காகக் கொடுக்கிற விலை என்ன? அதுதான் பாதை.

நெடுங்கேணிப் பக்கத்து வயல் பாதைகளை எனக்கு நன்றாகத் தெரியும். கோடையில் கிரவல் பொடிந்து தூளாகப் பறக்கும். மாரி மழை ஒன்று அடித்தால் அந்தத் தூள் வடிந்து, அடியில் இருந்த கல் தலை தூக்கி நிற்கும். முத்தையன்கட்டுப் பக்கத்துக் குளக்கட்டுகளிலும் அதே கதைதான். உழவு மெசின் ரயர் போட்ட இரண்டு பள்ளத்துக்கு நடுவே மேடு எழும்பியிருக்கும். உங்கள் காரின் சில்லுகள் அந்தப் பள்ளத்தில் இறங்கும், சம்ப் அந்த மேட்டில் உரஞ்சும். இந்த இடத்தில் ஒரு கல் அடித்தால் இரும்புத் தகடு நெளியும். அலுமினிய வார்ப்பு நெளியாது, வெடிக்கும். நெளிந்த சம்போடு நீங்கள் வீடு வந்து சேரலாம். வெடித்த சம்பில் இருந்து ஒயில் ஒரு நிமிடத்துக்குள் முழுக்கத் தரையில். லைட் எரிவதைக் கண்டு என்ஜினை அணைப்பதற்குள் பெயாரிங் போய்விடலாம்.

அப்புறம், திருத்துவது. இரும்புச் சம்பில் ஓட்டை விழுந்தால் மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ காஸ் வெல்டிங் வைத்திருக்கிற எந்தப் பட்டறையிலும் பித்தளை ஒட்டுப் போட்டுத் தருவார்கள். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையின்போது, போத்தலில் இருந்து துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் இந்த மைனர்களையும் ஒஸ்ரின் ஏ40 கார்களையும் ஓட்டிய வருடங்களில், வெளியில் இருந்து ஒரு போல்ட் வராது. அப்போதும் சம்ப் ஒட்டிக்கொண்டுதான் ஓடினோம். வார்த்த அலுமினியத்தை ஒட்டுவதற்கு டிக் வெல்டிங் வேண்டும், அதைத் தெரிந்த கை வேண்டும். அதிலும் வருடக்கணக்காக ஒயில் குடித்த வார்ப்பு என்றால் ஒட்டு ஒழுங்காகப் பிடிக்காது, சூடு படப்பட உள்ளிருந்து ஒயில் கொதித்து வந்து ஒட்டைக் கெடுக்கும். வீதியோரத்தில் எப்பொக்சி அப்பி வீடு வரலாம், அவ்வளவுதான்.

பாதுகாப்புத் தகடு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை அடிச் சட்டத்தில் பிடித்துப் போடலாம். போட்டால் துடுப்புக்குக் காற்றுப் போகாது. தரையில் இருந்து உள்ள உயரமும் இன்னும் குறையும். சம்ப் எதற்காக வந்ததோ அந்தக் காரணத்தையே மூடி வைத்துவிட்டு, அந்தச் சம்பைக் காப்பாற்ற இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இவ்வளவும் சொன்னதால் அந்தச் சாமான் கூடாத சாமான் என்று நினைக்க வேண்டாம். கழற்றி எறி என்று சொன்ன மெக்கானிக்கோடும் நான் ஒத்துப்போகவில்லை. அதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அது சூட்டைப் பற்றியது அல்ல. விளிம்பு தடிப்பாக, நேராக இருக்கும். இரும்புச் சம்பின் மெல்லிய விளிம்பு போல்ட்டை இறுக்க இறுக்கத் துளையைச் சுற்றிக் குழிந்துபோகும், அதனால்தான் கசிகிறது. இதில் அந்தத் தொல்லை இல்லை. வவுனியா நகருக்குள்ளும் ஏ9 காபட் றோட்டிலும் மட்டும் ஓடுகிற காருக்கு, வலையின் இடைவெளி சரியாக இருந்து, சம்ப் கியர்பொக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்காமல் இருந்தால், இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

உங்கள் கார் ஓடுவது அந்தப் பாதையில் இல்லை. இரும்புச் சம்பையே பூட்டுங்கள். என் முடிவு அதுதான்.

ஆனால் பழைய சம்ப் இப்போது கிடக்கிற நிலையில் அப்படியே பூட்டக்கூடாது. நீங்கள் ‘அடியில் நெளிந்தபடி’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, அந்த நெளிவு எந்த இடத்தில் என்பதுதான். இரும்புச் சம்ப் கல்லுக்கு வெடிக்காது என்றேன். அதற்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. அடி உள்ளே குழிந்தால் அந்தக் குழிவு உறிஞ்சு வலையை முட்டும். வெளியே ஒரு சொட்டு ஒயில் ஒழுகாது, எல்லாம் சுகமாகத் தெரியும், உள்ளே பம்ப் பட்டினி கிடக்கும். பிளாஸ்டிசின் சோதனையை அதற்கும் செய்யச் சொன்னது இதனால்தான்.

முதலில் சம்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். அடியில் தார் போல ஒரு கறுப்புப் படை இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய கார் என்றால் இன்னும் தடிப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாக வடிந்து ஒயிலோடு கலந்து, ஒயிலைத் தண்ணீராக்கி, பெயாரிங்கைத் தின்றது. அப்பா அப்போது ஓடினாரா என்று கேட்டுப் பாருங்கள். ஓடியிருந்தால் சம்ப் இறக்கியிருக்கிற இந்த நேரத்திலேயே ஒரு பிக் எண்ட் மூடியைக் கழற்றி பெயாரிங்கின் முகத்தைப் பார்த்துவிடலாம். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் திரும்பப் பூட்டுங்கள். செம்பு நிறம் தெரிந்தால் சம்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுப் பெயாரிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

குழிவை எடுப்பது கஷ்டமில்லை. உள்ளிருந்து ஒரு முதிரைக் கட்டையை வைத்து, வெளியே மணல் மூட்டையில் சம்பை இருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினால் வெளியே வரும். முழுக்க நேராக வரவேண்டும் என்று இல்லை, வலைக்கு இடைவெளி கிடைத்தால் போதும். அதிகம் தட்டினால் தகடு மெலிந்து வெடிக்கும்.

விளிம்புதான் பொறுமையான வேலை. போல்ட் துளைகளைச் சுற்றி மேல் நோக்கி எழும்பியிருக்கும். எங்கள் பக்கப் பட்டறைகளில் தண்டவாளத் துண்டு ஒன்று இல்லாமல் இருக்காது. அதன் தட்டையான முகத்தில் விளிம்பைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு துளையையும் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள். பிறகு ஒரு தடித்த கண்ணாடித் துண்டில் சம்பைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளிச்சம் நுழைகிற இடம் இன்னும் தட்ட வேண்டிய இடம். இந்த வேலைக்கு ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். கசிவு நிற்பதும் நிற்காததும் இங்கேதான் முடிவாகும், கஸ்கட்டில் அல்ல.

கடைசியாகச் சம்புக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி, வெளியே சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து, ஒரு இரவு வையுங்கள். துருப் பிடித்து ஊசி ஓட்டை விழுந்திருந்தால் விடியச் சுண்ணாம்பில் ஈரப் பொட்டுத் தெரியும். இருந்தால் ஒட்டுங்கள். ஒட்டு வைக்க முன் சம்பைச் சோடாத் தூள் போட்ட சுடுதண்ணீரில் நன்றாகக் கழுவி உலர்த்திக் கொடுங்கள், உள்ளே எண்ணெய் ஆவி இருக்கும்போது நெருப்பைக் காட்டக்கூடாது. அடி முழுக்கத் துருத் தின்று தகரம் மாதிரி ஆகியிருந்தால் அதை விட்டுவிட்டு வேறு இரும்புச் சம்ப் தேடுங்கள். மைனர் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். யாழ்ப்பாணத்தில் உடைத்து வைத்திருக்கிற என்ஜின்களோடு இன்னும் கிடக்கிறது.

பூட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அலுமினியச் சம்பின் விளிம்பு தடிப்பு, ஆகவே அதற்கு நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். அதே போல்ட்டை இரும்புச் சம்புக்குப் போட்டால் துளையின் அடியில் முட்டி நிற்கும். ஸ்பனருக்கு இறுகியது போலத் தெரியும், சம்ப் இறுகியிருக்காது. இன்னும் பலம் கொடுத்தால் பிளொக்கின் மரை போய்விடும். பழைய கட்டைப் போல்ட்டுகளையே தேடி எடுங்கள். நேர்மாறாக, இப்போது அலுமினியச் சம்பில் இருப்பது பழைய கட்டைப் போல்ட்டுகள்தான் என்று தெரிந்தால், உங்கள் கசிவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு மூன்று மரையில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பிளொக் வார்ப்பிரும்பு, சம்ப் அலுமினியம். அரை மீற்றர் நீளமான அலுமினியம் 30 பாகையில் இருந்து 100 பாகைக்குச் சூடாகும்போது 0.8 மில்லிமீற்றர் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு 0.4 அளவில்தான் நீளும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் நடுவில் இருக்கிற கோர்க் கஸ்கட் இரண்டுக்கும் இடையில் உரஞ்சும். ஆனால் சொட்டுகிறது என்றவுடன் சம்பை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இந்த என்ஜினின் பின் முனையில் ரப்பர் சீல் இல்லை, கிராங்கில் வெட்டிய சுருள் வரிதான் ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. என்ஜின் தேய்ந்தால் அங்கிருந்தும் சொட்டும். கண்டுபிடிக்க வழி: அடியை முழுக்கக் கழுவி உலர்த்தி, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி விட்டுப் பதினைந்து நிமிடம் என்ஜினை நிறுத்திய இடத்திலேயே ஓட விடுங்கள். முதலில் எங்கே ஈரக்கோடு விழுகிறதோ அங்கேதான் கசிவு. என்ஜினின் பக்கவாட்டில் உள்ள டப்பட் மூடியில் இருந்து வழிந்து வந்து சம்பின் மூலையில் சொட்டுகிற கார்களும் இருக்கின்றன. இந்தச் சோதனையை இப்போது செய்ய வேண்டாம், லைட் பிரச்சினை தீர்ந்து இரும்புச் சம்ப் ஏறிய பிறகு செய்யுங்கள்.

கஸ்கட் செட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளக் கோர்க்கும், கிராங்கின் முன் பின் மெயின் பெயாரிங் மூடிகளுக்கு இரண்டு வளைந்த கோர்க் துண்டுகளும் இருக்கும். கடையில் பல வருடம் காய்ந்து கிடந்த கோர்க் சுருங்கியிருக்கும், துளைகள் பொருந்தாது. பிழையான செட் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் விரியும். வளைந்த துண்டுகளின் நுனி விளிம்புக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். அதை வெட்டிச் சமன் செய்யாதீர்கள். சம்ப் ஏறும்போது அதை அமுக்கினால்தான் அந்த மூலைகள் அடைபடும். பசை அந்த நாலு மூலையில் மட்டும், நெல்மணி அளவு.

இறுக்குவது 6 இறாத்தல்-அடி மட்டும். டோர்க் ஸ்பனர் இல்லாவிட்டால் கட்டை ஸ்பனரின் கழுத்தில் இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள், கைப்பிடியின் நுனியில் பிடிக்க வேண்டாம். நடுவில் தொடங்கி மாறி மாறி இரு பக்கமும் போங்கள். ஒரு தடவை சூடாகி ஆறியதும் திரும்ப ஒரு சுற்று. அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

முன் பக்கத்தின் உயரத்தையும் பாருங்கள். மைனரின் முன் சஸ்பென்ஷன் டோர்ஷன் பாரில் (முறுகி எடையைத் தாங்குகிற இரும்புத் தண்டில்) நிற்கிறது. அறுபது வருடத்தில் அது தளர்ந்து முன்பக்கம் இறங்கியிருக்கும். உங்கள் கார் அடி உரஞ்சுவதற்குச் சம்பின் ஆழம் பாதிக் காரணம் என்றால் இது மற்றப் பாதியாக இருக்கலாம். பாரின் முனைப் பற்களை மாற்றிப் பூட்டி உயரத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். முறுக்கு விசை நிறைந்த பாகம் அது, பழக்கமான மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

அதோடு ஒரு ஒயில் அழுத்தமானி வாங்கிப் பூட்டுங்கள். இந்தக் காருக்கு வெளியில் இருந்து வாங்கிப் போடுகிற சாமான்களில் நான் தயங்காமல் சிபாரிசு செய்வது அது ஒன்றைத்தான். லைட்டும் இருக்கட்டும், இரண்டையும் ஒரு ரீ-பீஸில் (மூன்று வாய் இணைப்பில்) எடுக்கலாம். பூட்டிய பிறகு வீட்டுக்கு அருகே ஓடிப் பாருங்கள். பிறகு வெறுமையான நேர் வீதியில் சடுதியாக பிரேக் பிடித்துப் பாருங்கள். முள் கீழே பாயக்கூடாது. அது சரி என்றால் மாங்குளம் போய் ஏ9இல் ஏறி முறிகண்டி வரை ஓடுங்கள். எப்படியும் அங்கே நிறுத்துவீர்கள். கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

சித்தப்பாவைப் பற்றி. அவர் மனம் நோகும் என்ற யோசனையில்தான் நீங்கள் இவ்வளவு நாள் தயங்கியிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. அவர் அண்ணாவின் கார் நீண்ட நாள் ஓட வேண்டும் என்றுதான் அந்தப் பாரத்தை விமானத்தில் சுமந்து வந்தார். அவர் வாழ்கிற இடத்து வீதிக்கு அது சரியான சாமான். அவர் வந்ததும் அவரையே ஏற்றிக்கொண்டு வயல் பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். திரும்பி வந்து, கழற்றி வைத்த சம்பின் துடுப்புகளில் கல் கீறிய இடங்களைக் காட்டுங்கள், பிளாஸ்டிசின் துண்டையும் வைத்திருந்து காட்டுங்கள். காரை அறிந்தவர், பார்த்ததும் விளங்கிக்கொள்வார். அந்தச் சம்பை விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். கழுவி, உள்ளே ஒயில் தடவி, அதற்குரிய நீளப் போல்ட்டுகளை ஒரு பையில் கட்டி அதற்குள்ளேயே போட்டு, சாக்கில் சுற்றி உயரத்தில் வையுங்கள். வயல் பாதைக்குக் காபட் வருகிற காலத்தில் திரும்ப யோசிக்கலாம்.

கஸ்கட் வாங்கப் போகும்போது என்ஜின் இலக்கத் தகட்டில் இருப்பதை எழுதிக்கொண்டு போங்கள். ‘மைனர்’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத் தருவார். 1963 கார் என்றாலும் இடையில் யாராவது 948 சிசி என்ஜினை மாற்றிப் போட்டிருக்கவும் கூடும். சம்பை இறக்கியதும் வலையில் என்ன ஒட்டியிருந்தது, களி எவ்வளவு நசிந்திருந்தது என்று எழுதுங்கள். பெயாரிங் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.